கை எட்டாத அம்புமுனை

1

நான் சொல்லப்போவதில் ஒரு பொய்கூட இல்லை. தேய்த்தால் உலோகம் போகும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். பிறகு ஏன் இது பொய் மாதிரியே இருக்கிறது?

பரிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜீப்பின் பின்னிருக்கையில், முன்னால் தெரிந்த அண்ணனின் பிடரியைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டாள். அரூர்ச் சாலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். அதற்கு அவள் சொல்லும் பதிலில் ஒன்று அண்ணனின் பட்டறை போகும், இல்லையென்றால் ராமக்காளின் டீக்கடை போகும்.

அவளைக் கொஞ்ச நேரம் ஜீப்பிலேயே விட்டுவிட்டு உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லாமல் தொடர என்னால் முடியவில்லை.

போன வருடம் நான் போன பேருந்து, அரூரைத் தாண்டி ஒரு வளைவில் டயர் வெடித்து நின்றது. பொழுது சாய்ந்துவிட்டது. சாலையோரம் நின்றுகொண்டிருந்தோம். வளைவில் ஒரு எச்சரிக்கைப் பலகை. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் முழுக்க அதன் மேல் விழுந்தும் அது இருட்டாகவே இருந்தது. "இந்த போர்டு செத்துப்போச்சு போல" என்றேன், பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம்.

அவர் சிரித்தார். "உங்களுக்குத்தாங்க செத்துப்போச்சு. அந்த லாரிக்காரனக் கேளுங்க, கண்ணு கூசுதும்பான்."

அவ்வளவுதான். ஒரே பலகை, ஒரே வெளிச்சம். அவனுக்கு எரிகிறது, எனக்கு எரியவில்லை. வீடு திரும்பியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது:

"பெண்ணும் அந்தப் பலகையைப் போலத்தான். யார் விளக்கைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்—"

(வேண்டாம். அழகான வாக்கியம், அதனாலேயே வேண்டாம். பலகை பலகையாகவே இருக்கட்டும்.)

2

பலகைக்குள் இருப்பது என்ன என்று தெரியாமல் கதை நகரவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை என் மொழியில் சொல்கிறேன்.

அதன் மேல் கண்ணாடி மணிகள் ஒட்டியிருக்கின்றன. மணி என்றால் கழுத்தில் கோக்கிற மணி இல்லை. விரலில் எடுத்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். ஒவ்வொரு துளிமணியும் முழு உருண்டை. அதைச் சுற்றி மெல்லிசாக அலுமினியம் பூசப்பட்டிருக்கும். அப்படி முழுக்கப் பூசிய மணியின் மேல் விழும் வெளிச்சம் உள்ளே போகவே போகாது. வெளியிலேயே பட்டு நாலாபக்கமும் சிதறும். பகலில் பார்த்தால் வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளக்கும். இரவில் மங்கலாகத் தெரிந்தால் அதிகம்.

மணிகளை வண்ணத்தில் பாதி புதையும்படி தூவிக் காயவைத்த பிறகு சோடா கரைத்த தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வெளியே தெரிகிற பாதியின் உலோகம் கரைந்துவிடும். புதைந்த பாதியின் உலோகம் தங்கிவிடும். இப்போது வெளிச்சம் முன்பக்கமாக உள்ளே நுழைகிறது, வளைகிறது, பின்பக்க உலோகத்தில் மோதுகிறது, வந்த வழியே திரும்புகிறது. வந்த வழியே என்றால் அச்சாக வந்த வழியே. அதனால்தான் ஓட்டுகிறவனுக்கு எரிந்தது, ஓரத்தில் நின்ற எனக்கு எரியவில்லை.

ஒரு வேடிக்கை உண்டு.* கழுவிய பலகை பகலில் மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். கழுவாத பலகைதான் பகலில் ஜொலிக்கும்.

*வேடிக்கை என்று எழுதிவிட்டேன். ஒருவன் கால் போனது இதனால்தான். அந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன். என்னைப் போலவே எல்லோரும் முதலில் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

3

இதெல்லாம் தெரிந்த ஒருத்தி வேண்டும். கதையின் முதல் எழுத்துப்படியில் அவளை வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவளாக எழுதினேன். அவள் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்துப் பக்கம் போன பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவளைக் கிழித்துப் போட்டேன்.

பரிதா தருமபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் உடைக்கிற லென்ஸ்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அண்ணன் நூர் பாஷா பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருக்கிறான். "பொட்டப்புள்ளய சேலம் அனுப்பி எம்.எஸ்ஸி. படிக்க வெக்கறியா" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "நான் அனுப்பறேன், நீங்க வழியனுப்ப வாங்க" என்று சொன்னவன். இதை எழுதும்போது எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அது கதைக்கு நல்லதா என்று தெரியவில்லை.

(வீட்டில் அவர்கள் பேசுவது உருது. அதை எழுத எனக்கு வராது. இங்கே தமிழில் பேசவைத்திருக்கிறேன். அவள் அண்ணனைக் கூப்பிடும் 'பாய்' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

பெங்களூரிலிருந்து மணி மூட்டை வந்தபோது, கூட வந்த ஆங்கிலக் குறிப்பைப் படித்து, கழுவ வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதே பரிதாதான். அவன் முதல் பலகையைக் கழுவித்தான் கொடுத்தான். அதை வாங்கிப் போய் சாலைகளில் நடுகிற ஒப்பந்தக்காரர் தீர்த்தகிரி, பட்டறை வாசலிலேயே வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"என்ன பாய் இது, சாணி மொழுகின மாதிரி இருக்குது?"

"நைட்ல லைட் அடிச்சுப் பாருங்க, அப்படியே எரியும்."

"நைட்ல எந்த ஆபீசருங்க வந்து பில்லு பாஸ் பண்றான்? பகல்ல பளபளன்னு இருக்கணும். இதக் கொண்டுபோய் நட்டா என்னையும் சேத்து நட்டுருவாங்க."

அடுத்த பலகைகளை நூர் பாஷா கழுவவில்லை. பளபளவென்று போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

4

ராமக்காளின் டீக்கடை அந்த வளைவில் இருக்கிறது. அவளை அறிமுகப்படுத்த நான் எழுதிய பத்திகளில் அவள் ஏழையாக, உழைப்பாளியாக, வாஞ்சையானவளாக இருந்தாள். நாற்பது வயதில் புருஷன் இல்லாமல் கடை நடத்துகிற ஒருத்தியை நாம் எல்லோரும் எழுதுவது அப்படித்தான். உண்மையில் (எது உண்மை? நான் கண்டுபிடித்த ஆளைப் பற்றி எனக்கே என்ன உண்மை?) அவளுக்கு வாய் ஜாஸ்தி. பாலில் தண்ணீர் கலப்பாள். கேட்டால், "எருமையே கலந்துதாங்க குடுக்குது" என்பாள்.

அந்தக் கழுவாத பலகைகளில் ஒன்றை வளைவில் நட்ட பிறகு அவளுக்கு வியாபாரம் கூடியது. மங்கலாகவாவது அம்பு தெரிந்ததால் வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. குறைத்த வண்டி டீக்கு நின்றது.

ஆயுத பூஜை வந்தது. பிழைப்புக்கு உதவுகிற எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிற நாள். பாய்லர், வடிகட்டி, பாக்குவெட்டி, சைக்கிள். ராமக்காள் அவற்றையெல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பலகை கண்ணில் பட்டது.

"வண்டி நிக்கறதே அதாலதானுங்க. அப்ப அதுவும் எனக்கு ஆயுதம்தானே?" என்று பிறகு அதிகாரியிடமே கேட்டாள்.

புளி பாய்லரோடு தீர்ந்துவிட்டது. முதல் நாளே ஊறவைத்த அடுப்புச் சாம்பல் இருந்தது. தேங்காய் நாரில் அதைத் தொட்டுத் தேய்த்தாள். அம்பு கீழிருந்து நேராக மேலே ஏறி, பிறகு இடப்பக்கம் திரும்பும். நேரான தண்டு வரைக்கும் அவள் கை எட்டியது. திரும்புகிற இடமும் முனையும் எட்டவில்லை. ஸ்டூல் எடுக்கப் போனாள். அப்போது ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கி டீ கேட்டார்கள்.

டீ போட்டாள். பிறகு வந்து, தேய்த்த இடத்திலேயே மூன்று பொட்டு வைத்தாள்.

5

இந்தப் பகுதியை எழுதப் பிடிக்கவில்லை.

பூஜை முடிந்து சில நாட்களில், மழை இருட்டில், நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரியை ஓட்டிவந்த மாயவன் வளைவில் திரும்பவில்லை. நேராகப் போனான். சாலைக்குக் கீழே புளியமரம் இருந்தது. வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது ஒன்றுதான்: "போர்டு நேராப் போகச் சொல்லிச்சுங்க."

குடித்திருந்தான் என்றார்கள். தூங்கிவிட்டான் என்றார்கள். அவன் அதையே திரும்பச் சொன்னான்.

6

அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் பரிதா ஒரு மாலை டார்ச்சோடு ராமக்காளின் கடைக்கு வந்து, தான் யார் என்று சொன்னாள். ஊரெல்லாம் ராமக்காள்தான் போர்டைத் தேய்த்துக் கெடுத்தாள் என்று பேச்சு. தீர்த்தகிரி புகார் கொடுத்திருந்தார். விசாரணை முடிவானால் கடையைப் பெயர்த்தெடுப்பார்கள், வழக்கும் வரும்.

"நீங்களும் திட்ட வந்தீங்களா டீச்சரம்மா?" என்றாள் ராமக்காள். "டீ சாப்ட்டுத் திட்டுங்க. தெம்பா இருக்கும்."

பரிதா சாலையில் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி, டார்ச்சைக் கண்ணோரமாக நெற்றிப்பொட்டில் ஒட்டிப் பிடித்து அடித்தாள்.

அம்பின் தண்டு தீயாக எரிந்தது. அந்தக் கூச்சத்தில் அதன் மேலே ஒன்றும் தெரியவில்லை. வளைவும் இல்லை, முனையும் இல்லை. இருட்டில் நேராக நிற்கிற ஒரு கோடு.

"என்னாங்க தெரியுது?" ராமக்காள் பக்கத்தில் நின்று கேட்டாள். "எனக்கு ஒரு மண்ணும் தெரியலியே."

பரிதா டார்ச்சை அவளிடம் கொடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். ராமக்காள் பிடித்தாள். ஒரு அடி முன்னால் போய் மறுபடியும் பிடித்துப் பார்த்தாள்.

"நான் தேச்ச எடம்தான் எரியுது."

"ஆமா."

"அப்ப நான் கெடுக்கல."

"இல்ல. நீங்க தேச்சதாலதான் எரியுது. சாம்பல்ல காரம் இருக்கு, எங்க பட்டறைல சோடா போட்டுச் செய்ய வேண்டியத அது செஞ்சிருக்கு."

நான் இங்கே அவளைச் சந்தோஷப்பட வைத்திருந்தேன். கண்ணீர்கூட எழுதினேன். மூன்றாம் படியில்தான் அவள் டார்ச்சை இறக்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"அந்த டிராக்டர்காரனுங்க கொஞ்சம் பொறுத்து வந்திருந்தா மேலயும் தேச்சிருப்பனே. ஒண்ணுமே தேய்க்காம இருந்திருந்தா, மொத்த அம்பும் மங்கலாவாச்சும் தெரிஞ்சிருக்கும். பாதி தேச்சு அவன் கால வாங்கிட்டேனே."

பரிதா டார்ச்சை வாங்கி அணைத்தாள்.

ராமக்காள் ஸ்டூலை இழுத்தாள். "இப்பவே மேல தேச்சுடறேன்."

"வேண்டாம்," என்று பரிதா அவசரமாகத் தடுத்தாள். "விசாரணை வரைக்கும் தொடாதீங்க. தொட்டா முழுசும் உங்க தலைல விழும்."

"அதுக்குள்ள இன்னொருத்தன் வந்து விழுந்தா?"

ராமக்காள் கடையின் அரிக்கேன் விளக்கைக் கொண்டுபோய் அம்பு முனை இருக்கிற பக்கமாகப் பலகையின் ஓரத்தில் கட்டினாள். விசாரணை வரைக்கும் தினமும் பொழுது சாய்ந்ததும் அதை ஏற்றினாள். கடை இருட்டில் கிடந்தது.

7

விசாரணைக்கு முந்தின இரவு வீட்டில் பரிதா கேட்டாள்: "கழுவுனீங்களா பாய்?"

நூர் பாஷா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது.

"கழுவினதத் திருப்பி அனுப்பினாங்க. கழுவாதத வாங்கிட்டுப் போனாங்க. நான் என்ன பண்ணணும்?"

"நான் உங்களுக்குச் சொன்னேனே."

"நீ சொன்ன. நீ பில்லு பாஸ் பண்ணல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு ஆபீசர் வர்றார், விவரம் சொல்ல தீர்த்தகிரி உன் பேரத்தான் குடுத்திருக்கார். நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், பரி. தேச்சா உலோகம் போகுமான்னு கேப்பார். போகும்னு சொல்லு. நெஜந்தானே?"

அவன் மனைவி வஹிதா குழம்புச் சட்டியோடு வந்தாள். "உன்ன சயின்ஸ் படிக்க வெச்சதே இந்த ஒரு நாளுக்குத்தான் போல. அன்னைக்கு உன் ஃபீசுக்கு என் வளையலு போச்சு, நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

"வஹிதா, உள்ள போ."

"போறேன். ரெண்டு பேரும் சோத்த மட்டும் மிச்சம் வெக்காதீங்க."

பரிதா சாப்பிடவில்லை. அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுத இந்த இடத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அவளுக்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை என்பதுதான் அந்த இரண்டு பக்கத்திலும் இருந்தது. கோபம் வந்திருந்தால் எவ்வளவு சுலபம். அவன் கேட்டது பொய்யில்லை. உண்மையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அவன் நிற்கிற பக்கமாகத் திருப்பித் தரச் சொல்கிறான்

(வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் மறுபடியும் பெண்ணைப் பலகையாக்கிவிடுவேன்.)

8

முடிவுகள்.

ஒன்றில் அவள் "போகும்" என்கிறாள். ஒரே சொல். ராமக்காளின் கடையைப் பெயர்க்கிறார்கள். தீர்த்தகிரி புதிய பலகைக்கு நூர் பாஷாவிடமே சொல்கிறார், பளபளவென்று. இதில் எதுவும் செயற்கையாக இல்லை. நாளை நடக்கிற மாதிரியே இருக்கிறது. அதனால் எழுத முடியவில்லை.

இன்னொன்றில் பரிதா அதிகாரியை இருட்டும்வரை நிறுத்திவைத்து டார்ச்சைக் கொடுக்கிறாள். அவர் திகைக்கிறார். ராமக்காள் விடுதலை. நூர் பாஷா தலைகுனிகிறான். இதைத்தான் முதலில் எழுதி முடித்தேன், எழுதிய வேகத்தில் டீ ஆறிப்போயிற்று. மறுநாள் படித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தப் பக்கங்களில் பரிதா தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கும்போது அவள் கை நடுங்கவே இல்லை. சேலத்துக்கு அவளை அனுப்பியவன் அவன் என்பதை அவளும் மறந்திருந்தாள், நானும் மறந்திருந்தேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. விசாரணைக்கு முன்பே ராமக்காள் யாரையும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி மேல்பாதியையும் தேய்த்துவிடுகிறாள். அம்பு முழுதாக எரிகிறது. இனி யாரும் விழமாட்டார்கள். சாட்சியும் அழிந்துவிடுகிறது. பழி முழுவதும் அவளுக்கு. எவ்வளவு அழகு! அந்த அழகுக்கு விலை அவள் கடை. கொடுப்பவள் அவள், பாராட்டு வாங்குகிறவள் நான். அடித்துவிட்டேன்.

அப்படியென்றால் ஜீப்புக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

9

ஜீப் வளைவில் நின்றது. உச்சிவெயில். அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பலகையைப் பார்த்தார். அவர் பார்த்தது எல்லோரும் பார்ப்பதுதான். அம்புமுனை வெள்ளியாக மின்னியது. தண்டு மங்கிச் சாம்பலாகக் கிடந்தது.

"பாருங்க சார்," என்றார் தீர்த்தகிரி. "மேல எப்படி இருக்குது, கீழ எப்படி ஆக்கி வெச்சிருக்கா. பொட்டு வேற. சர்க்கார் போர்டா, மாரியம்மன் கோயிலா?"

"உங்க ஜீப்புலயும் பொட்டு காஞ்சுபோய் இருக்குதுங்களே," என்றாள் ராமக்காள். "அது என்னாங்க, அம்மன் தேருங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பரிதாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் பிசிக்ஸ் டீச்சரா? சொல்லுங்கம்மா. தேச்சா இந்தப் பூச்சு போகுமா, போகாதா?"

நூர் பாஷா அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ என்று எனக்கு இப்போதும் பயம்.

"அதுக்கு இப்பப் பதில் சொன்னா தப்பாப் போயிடும், சார்," என்றாள். "பொழுது சாஞ்சப்புறம் கேளுங்க. நான் இங்கயே இருக்கேன்."

"எனக்கு மூணு மணிக்கு அரூர்ல மீட்டிங்மா. ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும்."

பரிதா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்பதுபோல. அது எந்தக் கேள்விக்கான இல்லை என்று அவருக்குப் புரியவில்லை. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ராமக்காள் ஒன்றும் கேட்காமல் பாய்லரைத் திறந்தாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அரூர் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பி வருவாரா, இல்லை மேசையிலேயே ஒரு முடிவை எழுதிவிடுவாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்த மனிதர்தான், ஆனால் அவரைப் போன்றவர்களை நீங்கள்தான் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மாயவனை மறந்துவிடாதீர்கள். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ஓட்டுநர் ஜீப்பைக் கிளப்பினார். அதிகாரியும் தீர்த்தகிரியும் ஏறிக்கொண்டார்கள். நூர் பாஷா பெஞ்சுக்கு அருகே வந்து நின்றான். அவர்கள் வீட்டு மொழியில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்:

"ஏறு பரி. வூட்டுக்குப் போலாம். நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம், வந்தாப் போதும்."

இருட்டினால் அவள் என்ன காட்டுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது, டீ விளிம்பில் தளும்பியது.

"நீங்க போங்க, பாய்," என்றாள். "நான் வரல."